ஒரு சக்கரம் சுற்றுகிறது, ஒரு சக்கரம் தூங்குகிறது!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் போனோம். நான், அண்ணி, அண்ணன் மகன், ஒரு தூக்குப் புளியோதரை. ஏறிப் போனது என் தகப்பனார் 1960-களில் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். நம் பெருங்களத்தூர்ப் பக்கத்து ஆலையில் பிறந்த வண்டி. ஆலை மூடிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. வண்டி மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

பிள்ளையாண்டான் சும்மா இருந்தானா? "சமுத்திரத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தறேன், பாருங்க அத்தை!" என்று தார்ச் சாலையை விட்டுச் சவுக்குத் தோப்பு வழியாக மணலில் இறக்கினான். பத்து கஜம் போயிருப்போம். வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் அலறுகிறது, மணல் வாரி இறைக்கிறது, வண்டி மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்கள் ஏழாம் நூற்றாண்டிலிருந்து நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஆறாவதாக எங்கள் ரதமும் சேர்ந்துவிடுமோ என்று பயந்தே போனேன்.

இறங்கிப் பார்த்தேன். ஒரு பின் சக்கரம் பம்பரமாய்ச் சுற்றிக் குழி பறிக்கிறது. கெட்டித் தரையில் இருந்த மற்றதோ, கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்த சம்பந்தி மாதிரி அசையாமல் கிடக்கிறது!

"ஏண்டா, அது ஏன் சும்மா இருக்கு?" என்றேன்.

"அது டிஃபரன்ஷியலோட குணம், அத்தை" என்றான்.

வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர் இருவர் ஓடி வந்தார்கள். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கச் சொல்லி, சுற்றுகிற சக்கரத்துக்கு அடியில் காய்ந்த தென்னை மட்டைகளைச் செருகித் தள்ளிவிட்டார்கள். வண்டி கரையேறியது. அப்புறம் புளியோதரையைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இப்போ சொல்லு, அது என்ன குணம்?" என்று பிடித்துக்கொண்டேன். சகோதரிகளே, அவன் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மாட்டு வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் அச்சில் தன்பாட்டுக்குச் சுழலும். வண்டி திரும்பினால் வெளிச் சக்கரம் அதிகமாகவும் உள் சக்கரம் குறைவாகவும் ஓடிக்கொள்ளும். எங்கள் கார் ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிடச் சுமார் 25 அடி கூடுதலாக ஓட வேண்டும். மாட்டு வண்டியை இழுப்பது மாடு. கார்ச் சக்கரத்தைச் சுற்றுவது எஞ்சின். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிக் கட்டினால் திரும்பும்போது டயர் தேயும், வண்டியும் முரண்டு பிடிக்கும். அதற்காக நடுவில் வைத்த பல்சக்கரக் கூடுதான் டிஃபரன்ஷியல். பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் 1827-லேயே இதற்கு உரிமை வாங்கிவிட்டாராம்.

இது, இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாகத்தான் பரிமாறுவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் தாயைப் போல. நல்ல குணந்தான். ஆனால் ஒரு பிள்ளை 'ஒரு பிடிக்கு மேல் வேண்டாம்' என்றால் மற்றவனுக்கும் ஒரே பிடிதான். மணலில் நின்ற சக்கரம் கொஞ்சம் சக்தியைத்தான் ஏற்றுக்கொண்டது. கெட்டித் தரையில் நின்றதற்கும் அதே அளவுதான் கிடைத்தது. அப்புறம் வண்டி எப்படி நகரும்?

இந்த இடத்தில் அண்ணி குறுக்கிட்டாள். "அதுக்குத்தான் என்னமோ புதுசா வாங்கப் போறானாம். எஞ்சினையும் மாத்தப் போறானாம். நீயே கேளு!"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஹெரால்டின் 948 சிசி எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஜிப்ஸியின் 1298 சிசி எஞ்சினை வைத்து, வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கி, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் ஓட்ட வேண்டும். இதுதான் அவன் ஆசை. ஆசையில் தப்பில்லை. 1962-இல் இங்கிலாந்தில் வந்த ஸ்பிட்ஃபயர் என்ற அழகான ஸ்போர்ட்ஸ் கார் ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கிச் செய்ததுதான். பெருங்களத்தூர்க்காரர்களே பிற்பாடு கெஸல் வண்டியில் ஹெரால்டின் பின் அச்சை மாற்றிக் கெட்டியான ஒற்றை அச்சு வைத்தார்கள். இவனும் அப்படி ஓர் அச்சு வைத்து, அதற்குள் 'லிமிடெட் ஸ்லிப்' டிஃபரன்ஷியல் போடப் போகிறானாம். ஒரு சக்கரம் வீணாகச் சுற்றுவதை ஓர் அளவுக்குமேல் விடாது என்று அர்த்தம்.

அதிலும் புடைவைக் கடை போலப் பல ரகம்!

பல்சக்கர ரகம் ஒன்று. சின்னவன் ஒரு பிடி சாப்பிட்டால் பெரியவனுக்கு இரண்டு, மூன்று பிடி பரிமாறும். சத்தமில்லை, அதிகப் பராமரிப்பும் இல்லை. ஆனால் சின்னவன் தட்டையே தள்ளிவிட்டால், அதாவது ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால், பெரியவனும் பட்டினி. பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யந்தானே! அப்போது ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் பிடித்தால் சமாளிக்கலாமாம்.

கிளட்ச் தகடு ரகம் இன்னொன்று. யார் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மற்றவனுக்கு இத்தனை பிடி என்று முன்கூட்டியே எடுத்து வைத்துவிடும். பந்தயக்காரர்கள் விரும்புவது இதைத்தான். ஆனால் தகடு தேயும். அதற்கென்று தனி எண்ணெய் வேண்டும். மெதுவாகத் திரும்பும்போது கடகடக்கும்.

மூன்றாவது, இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டியே விடுவது. மணலுக்கும் சேற்றுக்கும் இதற்கு நிகர் இல்லை. மகிந்திராவின் தார் வண்டியில் சில ரகங்களுக்கு, ஒரு சக்கரம் வீணாய்ச் சுற்றினால் தானே பூட்டிக்கொள்ளும் அமைப்பு உண்டு. அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம் இருப்பது நம் செங்கற்பட்டுப் பக்கத்தில்தான்! இந்தக் காலத்து வீட்டுக் கார்கள் பலவற்றில் கம்ப்யூட்டரே, சுற்றுகிற சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டுச் சமாளித்துவிடுகிறது.

இவன் மனசு கிளட்ச் ரகத்தில்தான், அதிலும் ரொம்ப இறுக்கமானதில். "எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு வேகம், அத்தை!"

"மழையிலே?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னான். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். இறுக்கமான ரகத்தில், ஈரச் சாலையில் அழுத்தி மிதித்தால் இரண்டும் சேர்ந்தே வழுக்கும். வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் வீசும்.

"அந்த வண்டியிலேதான் உங்கம்மாவைத் திருக்கழுக்குன்றம் கோயிலுக்குக் கூட்டிப் போவியா?"

பதில் இல்லை. சட்டமும் என் பக்கந்தான். பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக, தயாரித்தவர்கள் வைத்த அமைப்பை மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்வதை 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்திருக்கிறது. எஞ்சினை மாற்றிய பிறகு எங்கள் ஹெரால்டு பந்தயப் பாதைக்குக்கூட லாரியில் ஏறித்தான் போக வேண்டும்.

அண்ணி கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த வண்டியில்தான். அதை அவள் சொல்லவில்லை. சொல்லாததை அவன் எப்படியோ கேட்டுவிட்டான்.

ராத்திரி வீட்டில் கணக்கு நோட்டை எடுத்து வந்து காட்டினான். தாத்தாவின் வண்டி இப்படியே இருக்கும். பந்தயத்துக்கு, துருப்பிடித்துக் கிடக்கும் வேறொரு ஹெரால்டு கூட்டைத் தேடுவான். முதல் செலவு பிரேக்குக்கும் டயருக்கும். அடுத்தது பின் அச்சு. அச்சு இன்னதென்று முடிவான பிறகுதான், அதன் பல் கணக்குக்குப் பொருந்துகிற டிஃபரன்ஷியல், அதுவும் பல்சக்கர ரகம். "கை பழகினப்புறம் கிளட்ச் ரகத்தைப் பத்தி யோசிக்கலாம், அத்தை" என்றான்.

அண்ணி ஒன்றும் பேசாமல் சுடச்சுட இரண்டு தோசை கொண்டு வந்து வைத்தாள். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. சமமாகத்தான்!

மறுநாள் காலையில் ஹெரால்டின் டிக்கியைத் திறந்தேன். உள்ளே பத்திரமாக இரண்டு தென்னை மட்டைகள்.