ஒலிசபாங் எங்கே இருக்கிறது?

 பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த 'அவசர ஜெபக் குறிப்பு' மறுபடியும் வந்திருக்கிறது. இந்தியாவில் நேற்று இரவு 20 ஆலயங்களை எரித்துவிட்டார்களாம், ஒலிசபாங் மாகாணத்தில் இன்னும் 200 ஆலயங்களை இடிக்கப் போகிறார்களாம், உடனே எல்லோருக்கும் அனுப்ப வேண்டுமாம். பிள்ளைகளே, உங்களுக்கு சமூக அறிவியல் எடுத்தவன் நான். இந்திய வரைபடத்தில் எத்தனை முறை மாநிலம் குறிக்கச் சொல்லியிருக்கிறேன்! ஒலிசபாங் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. பத்து வருஷத்துக்கு மேலாக இந்தப் பொய் உலகம் சுற்றுகிறது. அந்த 'நேற்று இரவு' மட்டும் மாறுவதே இல்லை.

இதற்கு ஒரு தம்பி உண்டு. ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரிகளுக்கு நாளை மதியம் மரண தண்டனை என்று வருமே, அது. அங்கே உண்மையில் நடந்ததைக் கேளுங்கள். 2007 ஜூலையில் தென்கொரிய சபை ஒன்றிலிருந்து போன 23 பேரைத் தாலிபான்கள் கடத்தினார்கள். குழுவை அழைத்துப் போன போதகர் பே ஹியோங்-கியுவையும் இன்னொருவரையும் கொன்றார்கள். மற்றவர்கள் ஆகஸ்ட் முடிவதற்குள் விடுதலையானார்கள். அந்தப் போதகரின் பெயர் நம் குழுவில் யாருக்காவது தெரியுமா? இல்லாத 22 பேருக்காக வருஷா வருஷம் கண்ணீர் விடுகிறோம், செத்துப்போன மனிதரின் பெயர் தெரியாது.

"நல்ல எண்ணத்தோடுதானே அனுப்புகிறோம் மாமா, ஜெபம் வீணாகவா போகும்?" என்று கேட்கிறீர்கள். ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. பொய்யைப் பத்து முறை கேட்டு ஏமாந்தவர்கள் பதினோராவது முறை உண்மை வரும்போது நம்ப மாட்டார்கள். அந்த நஷ்டம் நமக்கில்லை, சிறையில் இருக்கிறவருக்கு.

உண்மைக்கு வெளிநாட்டுப் பெயர்களையே தேட வேண்டாம். அருட்தந்தை அலெக்சிஸ் பிரேம்குமார் சிவகங்கை மாவட்டத்துக்காரர். இயேசு சபை. தமிழ்நாட்டில் இலங்கை அகதிகளுக்காக உழைத்துவிட்டு ஆப்கானிஸ்தானுக்குப் போனவர். 2014 ஜூன் 2 அன்று ஹெராத் அருகே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போன இடத்தில் அவரைக் கடத்தினார்கள். நானும் வாத்தியார் என்பதால் பள்ளிக்கூடம் என்றதுமே எனக்குப் பதறியது. அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஊரில் ஜெபமும் நடந்தது, டெல்லியில் முயற்சியும் நடந்தது. எட்டு மாதத்துக்கு மேல் கழித்து, 2015 பிப்ரவரி 22 அன்று வீடு திரும்பினார். ஜெபம் ஒரு கை, கடிதம் ஒரு கை. கோர்வைச் சேலை நெய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு, இரண்டு பேர் கை சேராமல் கரை சேராது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போது ஒரு ஜெபக்கூட்டத்தில் இவர் பெயரைச் சொன்னதும், "அவர் ஆர்.சி. ஆச்சே?" என்று ஒருவர் கேட்டார். கடத்தினவன் ஞானஸ்நான சர்டிபிகேட் பார்த்தா கடத்தினான்?

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. யாழ்ப்பாணம் அல்லைப்பிட்டியில் பங்குத்தந்தையாக இருந்தவர் திருச்செல்வம் நிகால் ஜிம் பிரவுண் அடிகளார். 2006 ஆகஸ்டில் சண்டைக்குப் பயந்து மக்கள் கோயிலில் தஞ்சம் புகுந்தார்கள். கோயிலிலேயே குண்டு விழுந்தது. அவர்களை அங்கிருந்து வெளியே கொண்டுபோக அவர் பாடுபட்டார். ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 20 அன்று, கடற்படைச் சாவடிப் பக்கம் கண்டதோடு சரி. அவரும் இல்லை, கூடப் போனவரும் இல்லை. உடல் கிடைத்தால் அடக்க ஆராதனை நடத்தலாம், விடுதலையானால் ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கலாம். காணாமல் போனவருக்கு என்ன ஜெபம் செய்வது? எனக்கும் வார்த்தை வருவதில்லை. பெயரை மட்டும் சொல்கிறேன்.

இனி சொல்வதில் சிலருக்குக் கோபம் வரலாம். திருச்சி பக்கம் விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமி ஜார்கண்ட் ஆதிவாசிகளுக்காக உழைத்தவர். 2020 அக்டோபரில், 83 வயதில், பீமா கோரேகான் வழக்கில் கைதானார். பிரசங்கம் செய்ததற்காக அவரைப் பிடிக்கவில்லை. வழக்கைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு கருத்து இருக்கட்டும். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி, டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சு குழலும் மூடி போட்ட குவளையும் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனாரே, அதில் என்ன கருத்து வேறுபாடு? ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று இறந்தார்.

தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சிறையிலிருக்கும் பவுல், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் கொண்டுவரச் சொல்கிறார், மழைக்காலத்துக்கு முன்னே வந்து சேரச் சொல்கிறார். அவ்வளவு பெரிய அப்போஸ்தலருக்கும் குளிரத்தான் செய்தது. தாங்குவது என்றால் அதுதான். அவருக்குக் குவளையா, போர்வையா, வக்கீல் செலவா, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமா என்று கேட்டு அனுப்புவது.

இன்னொன்று. ஒலிபெருக்கிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் போலீஸ் வந்தால் அதற்கு 'உபத்திரவம்' என்று பதிவு போடாதீர்கள். சீனாவில் செங்டு நகரத்துப் போதகர் வாங் யீ, சட்டம் படிப்பித்த ஆசிரியர். பதிவு செய்யாத சபையை நடத்தியவருக்கு 2019 டிசம்பரில் ஒன்பது வருஷச் சிறை விதித்தார்கள். அந்த வார்த்தையை அவருக்கு விட்டுவையுங்கள்.

"உங்க ஆளுங்களுக்கு மட்டும்தானா சார்?" என்று பழைய மாணவன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. இல்லையப்பா. பாகிஸ்தானில் அகமதியாக்களுக்கும் மியான்மரில் ரோஹிங்கியாக்களுக்கும் நடப்பதும் இதே கொடுமைதான். நான் ஜெபிக்கிற நோட்டில் அவர்களும் உண்டு. கோயில் மணியும் ஆலய மணியும் தறிச் சத்தமும் சேர்ந்து கேட்கிற பக்கத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தேன். என் வேதத்துக்காக ஒருவரும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. அந்த நிம்மதியில் இருக்கிறவன்தான் மற்றவர்களுக்காகக் கேட்க வேண்டும்.

உலகம் முழுக்க சபைகள் துன்பப்படுகிற சபைக்காக ஜெபிக்கும் ஞாயிறு நவம்பரில் வருகிறது. அதற்கு முன் ஆளுக்கு ஒரு பெயர் எனக்கு அனுப்புங்கள். பெயரோடு ஊர், தேதி, எந்தப் பத்திரிகையில் படித்தீர்கள் என்பதும் வேண்டும். அது இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன், வீட்டுப்பாட நோட்டைப் போல.