மாமாவின் லேப்டாப்பும் காயலான் கடையும்



பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது என்ன செய்வோம்? பழைய சுண்ணாம்பைச் சுரண்டிட்டுத்தானே புதுசு அடிப்போம்? சுரண்டாமல் மேலேயே அடித்தால் ஒரே மழைக்குப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்பது என் கருத்து.

அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். முதலில் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பிளஸ் டூ படித்த என் மாமாவுக்கும் ஒன்று கிடைத்தது.

2015 ஜூலை முதல் ஒரு வருஷம் விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாப்ட் இலவசமாகக் கொடுத்தது. மாமா பழசின் மேலேயே ஏற்றினார். இருந்தது 2 ஜிபி ராம். ஆன் ஆவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்! கடைசியில் பஜாரில் ஒரு கடையில் கொடுத்தார். கடைக்காரர் எல்லாத்தையும் அழிச்சுட்டு, திருட்டு விண்டோஸைப் போட்டுக் கொடுத்தார். காப்பி எடுக்கணுமான்னு ஒரு வார்த்தை கேட்கல. பாட்டி பாடிய தாலாட்டு அதில் பதிவாகியிருந்தது. பாட்டி இப்போது இல்லை. தாலாட்டும் போச்சு.

"அதை அழிச்சுப் போட்டதே தப்பு" என்கிறார் அம்மா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. தப்பு, அழித்ததில் இல்லை. காப்பி எடுக்காமல் அழித்ததில்தான்.

முன்பெல்லாம் அப்கிரேடு சிடி என்று விலை குறைவாக ஒன்று விற்றார்கள். பழைய விண்டோஸை வாங்கியவர்களுக்கு மட்டும் அது. எக்ஸ்பி அப்கிரேடு சிடியைக் காலி டிஸ்கில் போட்டால் "பழைய சிடியைக் காட்டு" என்று கேட்கும். காட்டினால் சுத்தமாக ஏறிவிடும். 2007-ல் வந்த விஸ்டாவில் அந்த வழி இல்லை. பழைய விண்டோஸ் உள்ளேயே இருக்கணும். அதனால் சிலர் கீ கொடுக்காமல் ஒரு தரம் போட்டு, அதன் மேலேயே கீ கொடுத்து இன்னொரு தரம் போட்டார்கள். காசு கொடுத்தவர் எதுக்கு இரண்டு தரம் போடணும்? பழசை வாங்கியவருக்குச் சுத்தமாகப் போட்டுக்கொள்ள வழி இருக்கணும். ஆனால் பழசை வாங்காதவர் இதே வழியில் போட்டால் அது திருட்டுதான். இரண்டையும் குழப்பக்கூடாது.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 வசதி மாமாவின் லேப்டாப்பில் இல்லை. அப்போ காயலான் கடைதானா? எங்கப்பா சிப்காட்டில் வேலை பார்க்கிற கம்பெனியில் பழைய இரும்பை உருக்கிப் புதுக் கம்பி ஆக்குறாங்க. இரும்புக்கே மறுபிறவி இருக்கும்போது லேப்டாப்புக்கு இல்லையா?

எங்க கம்ப்யூட்டர் சார் உதவியோடு லினக்ஸ் மின்டை பென்டிரைவில் ஏற்றினேன். முதலில் டிஸ்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். வைஃபை, சத்தம், தமிழ் டைப்பிங் எல்லாம் சரி. பிறகுதான் முழுசா அழித்துப் போட்டேன். பழைய சிடி கேட்கல, கீ கேட்கல. பிரவுசரில் நாலைந்து பக்கம் திறந்தால் திணறுது, உண்மைதான். ஆனாலும் என் புராஜெக்ட் முழுக்க அதில்தான் செய்தேன்.

ஹெட்மாஸ்டர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை லேபைத் திறந்து விடுங்கள். வீட்டில் தூங்குகிற லேப்டாப்களை எல்லாரும் கொண்டு வருவோம். விதி மூன்றே மூன்று: முதலில் காப்பி எடு. அடுத்து ஓட்டிப் பார். கடைசியில் அழி.

வரிசை மாறினால் தாலாட்டு திரும்ப வராது!

- ஒரு பதினோராம் வகுப்பு மாணவி, கும்மிடிப்பூண்டி