பூட்டிய பெட்டிக்கு ஏன் இத்தனை அவசரம்?

அமெச்சூர் வானொலிச் சங்கங்கள் தம் பழைய எஃப்எம் ரிப்பீட்டரை இறக்கிவிட்டு, டிஜிட்டல் குரல் ரிப்பீட்டரை ஏற்ற வேண்டும் என்ற குரல் நண்பர்களிடையே வலுத்துவருகிறது. ஏரவாடாவில் இருந்துகொண்டு இவ்விவாதத்தைக் கவனித்துவரும் எனக்கு இதில் உடன்பாடில்லை.

எதிர்த்தரப்பின் நியாயத்தை மறைக்க வேண்டியதில்லை. டிஎம்ஆர் முறை 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் இரண்டு உரையாடல்களை அடக்குகிறது. இரைச்சல் இல்லை. ரிப்பீட்டரை இணையத்தோடு இணைத்தால் கையடக்கக் கருவியிலேயே கண்டம் கடந்து பேசலாம். இவை அனைத்தும் உண்மை.

ஆனால் அக்குரலைச் சுருக்கி விரிக்கும் குறிமுறை யாருடையது? டி-ஸ்டார், டிஎம்ஆர், சிஸ்டம் ஃப்யூஷன் ஆகிய மூன்றும் நம்பியிருப்பது ஓர் அமெரிக்க நிறுவனம் உருவாக்கிய ஏஎம்பிஇ குடும்பக் குறிமுறைகளை. அதன் உள்ளமைப்பு பூட்டப்பட்டது. இவ்வளவுக்கும் இம்மூன்று முறைகளும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. இன்று ஒரே அலைவரிசையில் கூடுபவர்களை, வாங்கிய கருவியின் வகையைக் கொண்டு பிரிப்பதா முன்னேற்றம்?

சர்வதேச வானொலி விதிகள் அமெச்சூர் சேவைக்குக் கூறும் நோக்கங்கள் மூன்று: சுயபயிற்சி, பரஸ்பரத் தொடர்பு, தொழில்நுட்ப ஆய்வு. பூட்டிய பெட்டி நடுவிலுள்ள ஒன்றை மட்டுமே நிறைவேற்றும். ஐதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் கருவியை எவரும் மலிவான உதிரிகளால் கட்டிப் பார்க்கலாம், கட்டுபவர் கற்கிறார். நம் மரபு அது.

பேரிடரே உண்மையான தேர்வு. 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் குழுவினர் சிற்றலையில் செய்தி அனுப்பினார்கள். இடையில் எந்த சர்வரும் இல்லை. 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து வெள்ளம் புகுந்த நகரம் புனே. அத்தகைய நாளில் இணையம் இருக்கும் என்று எவர் உறுதி தருவார்? உள்ளூர்த் தொடர்பு டிஜிட்டலிலும் நடக்கும் என்பார்கள். நடக்கும். ஆனால் அலை நலியும்போது எஃப்எம் இரைச்சலோடு தேய்கிறது. காது சொற்களைப் பொறுக்கிக்கொள்ளும். டிஜிட்டலோ சிதறி, சட்டென்று அறுந்துவிடும்.

டிஜிட்டலே கூடாது என்பதன்று என் வாதம். எஃப்எம் ரிப்பீட்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இரண்டாவதாக ஒன்று அமையட்டும். அது எம்17 ஆகட்டும். போலந்தின் அமெச்சூர்கள் தொடங்கிய அம்முறை, ஆஸ்திரேலியரான டேவிட் ரோவின் கோடெக் 2 குறிமுறையில் இயங்குகிறது. இரண்டின் நிரலும் திறந்தே இருக்கிறது. கருவிகள் குறைவு என்பது மெய்தான்; அக்குறையை நீக்கும் உழைப்புக்குத்தானே சங்கம்?

வாக்களிக்கும் முன் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நாளை இது பழுதானால், நம்மில் எவரால் திறந்து பார்க்க முடியும்?