பழைய பதிப்புக்குத் திரும்ப வழி வேண்டும்



புதுப்பிப்பு ஏற்றிய மறுநாளே கைப்பேசி சூடாகிறது, பேட்டரி மதியத்துக்குள் காலி. மலேசியாவின் சுங்கை பஞ்சாங் பக்கம் இப்படிப் புலம்புவோருக்குக் கடையில் கிடைக்கும் பதில், பழைய மென்பொருளை ஏற்ற முடியாது என்பதுதான்.

முடியாது என்பதைவிட, தயாரிப்பாளர்கள் விடமாட்டார்கள் என்பதே சரி. 2014 செப்டம்பர் 24-இல் வந்த ஐஓஎஸ் 8.0.1, பல ஐபோன் 6 கருவிகளில் தொலைபேசித் தொடர்பையும் கைரேகைப் பூட்டையும் முடக்கியது. ஆப்பிள் அதை உடனே மீட்டுக்கொண்டு, ஐடியூன்ஸ் வழியாகப் பழைய பதிப்புக்குத் திரும்பச் சொன்னது. மறுநாளே 8.0.2 வந்தது. ஆனால் மற்ற நேரங்களில், புதியது வந்த சில நாள்களில் பழைய பதிப்புக்கு ஒப்புதல் தருவதையே அந்நிறுவனம் நிறுத்திவிடுகிறது. அந்த ஒப்புதல் இல்லாமல் கோப்பு கையில் இருந்தும் பயனில்லை. கூகலும் 2022-இல் ஆண்ட்ராய்டு 13 ஏறிய பிக்சல் 6 கருவிகளுக்குப் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை அடைத்தது.

பழைய பாதுகாப்பு ஓட்டை மீண்டும் திறந்துவிடக் கூடாது என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் வங்கிப் பணம் அனுப்பும் ஒப்புதல்கூட செயலிக்குள் போய்விட்ட நாட்டில், முடங்கிய கைப்பேசியோடு எத்தனை நாள் காத்திருப்பது?

இத்தாலி 2018-இல் ஆப்பிளுக்கு 10 மில்லியன் யூரோவும் சாம்சுங்குக்கு 5 மில்லியனும் அபராதம் விதித்தது. பழைய நிலைக்குத் திரும்ப வழி தராததும் காரணங்களில் ஒன்று. நம் பயனீட்டாளர் நலனைக் கவனிக்கும் அமைச்சும் புதுப்பிப்புக்குப் பின் ஒரு மாதமாவது பழைய பதிப்பைத் திறந்து வைக்க உத்தரவிட வேண்டும்.

வாசகர்,
சுங்கை பஞ்சாங்