விராலுக்கு எந்த நிறத் தவளை?

வாசகர் கேள்வி – பதில்

“எங்கள் வயலை ஒட்டியுள்ள ஏரியில், குத்தகைதாரரிடம் கேட்டுக்கொண்டு என் மகன் தூண்டில் போட்டு விரால் பிடிக்கிறான். எங்கள் காலத்தில் உயிர்த் தவளையைக் கோர்த்துப் போடுவோம். இவன் ரப்பர் தவளை வாங்குகிறான். கறுப்பு, வெள்ளை, பச்சை, மஞ்சள், ரோஸ் என்று 8 நிறத்தில் வாங்கிவிட்டான். ஒன்று 200 ரூபாய்க்குக் குறையவில்லை. ‘தண்ணீருக்குத் தகுந்த நிறம் போட்டால்தான் கடிக்கும்’ என்கிறான். நிறத்தில் உண்மையிலேயே விஷயம் இருக்கிறதா, இல்லை வியாபாரத்துக்காகச் சொல்கிறார்களா?”

– வாசகர் ஒருவர், செந்துறை, அரியலூர் மாவட்டம்.

விஷயம் இருக்கிறது. ஆனால், அதற்கு 8 நிறம் தேவையில்லை. செந்துறைப் பகுதி ஏரி, குளங்களில் விரால் பிடிக்க இரண்டு நிறம் போதும். ஒன்று கறுப்பு. இன்னொன்று, வயிறு வெளுத்த தவளைப் பச்சை அல்லது பழுப்பு. மற்ற நிறங்கள் மீனைவிட, வாங்குகிற மனிதரைத்தான் அதிகம் கவர்கின்றன.

காரணம் எளிது. ரப்பர் தவளை தண்ணீரின் மேல் மிதந்து ஓடுகிறது. விரால் அதைக் கீழே இருந்து மேல்நோக்கிப் பார்க்கிறது. அதன் கண்ணுக்குப் பின்னணியாக இருப்பது வெளிச்சமான வானம். தவளையின் முதுகில் என்ன வண்ணம் தீட்டியிருந்தாலும் மீனுக்குத் தெரிவது வயிறும், நிழலுருவமும்தான். வெளிச்சத்துக்கு எதிரே கறுப்பு உருவம் பளிச்சென்று தெரியும். அதனால்தான் விடியற்காலை, அந்தி, மேகமூட்டம், கலங்கல் தண்ணீர் ஆகிய நான்குக்கும் கறுப்பு ஏற்றது. தண்ணீர் தெளிந்து வெயிலும் அடித்தால் விரால் நன்றாகப் பார்த்து யோசிக்கும். அப்போது உண்மைத் தவளையைப் போன்ற நிறமே நல்லது.

ஏரியின் தண்ணீர் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி, கார்த்திகையில் வரத்து வாய்க்கால் மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும். தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். அது கறுப்புக்கான காலம். தை, மாசியில் மண் அடியில் படிந்து தண்ணீர் தெளியும். அது பச்சை, பழுப்புக்கான காலம். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றி, பாசி படர்ந்து, மாடுகள் இறங்கிக் கலக்கிவிடும். மறுபடியும் கறுப்புக்கு மாறலாம்.

காலண்டரை மட்டும் நம்பாமல் தண்ணீரைக் கையால் அளந்து பார்க்கலாம். மீன் வளர்ப்போர் குளத்தின் நிறத்தை அறியச் செய்யும் அதே சோதனைதான். உள்ளங்கையை விரித்து, கையை நேராகத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். ஒரு சாண் ஆழம் போவதற்குள் உள்ளங்கை மறைந்துவிட்டால் கறுப்பு. முழங்கை நனைந்த பிறகும் உள்ளங்கை தெரிந்தால் தவளைப் பச்சை. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்: வெயில் என்றால் பச்சை, மப்பு என்றால் கறுப்பு.

தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் தகடு, ஸ்பின்னர், ரப்பர் மீன் போன்றவற்றுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அவற்றை மீன் பக்கவாட்டிலும் பார்க்கிறது. தெளிந்த தண்ணீரில் வெள்ளித் தகடும், கலங்கலில் பித்தளை நிறத் தகடும் போடுவது தூண்டில்காரர்களின் வழக்கம். ஆழம் கூடக்கூடத் தெளிந்த தண்ணீரில் முதலில் மங்குவது சிவப்பு நிறம். ஆனால், ஓர் ஆள் ஆழம்கூட இல்லாத ஏரியில் ஆழத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கே நிறத்தை மறைப்பது கலங்கல்தான்.

வெளிநாட்டில் நடந்த ஆய்வு

தூண்டில் நிறத்துக்காக நிறையச் செலவழிப்பவர்கள் அமெரிக்காவில் ‘பாஸ்’ மீன் பிடிப்பவர்கள். விராலைப் போலவே செடிகளுக்கு இடையில் பதுங்கி, தவளையையும் சிறு மீனையும் பாய்ந்து கவ்வும் மீன் அது. இதன் பார்வையைப் பற்றி இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. குறிப்பிட்ட நிறத்தை நோக்கி வந்தால் இரை கிடைக்கும் என்று மீன்களைப் பழக்கி, பிறகு வேறு நிறங்களையும் காட்டிச் சோதித்தார்கள்.

பாஸ் மீனின் கண்ணில் நிறம் அறியும் செல்கள் இரண்டு வகை: ஒன்று சிவப்புக்கு, ஒன்று பச்சைக்கு. மனிதக் கண்ணில் மூன்று வகை உண்டு. அதனால், சிவப்பையும் பச்சையையும் அந்த மீன் நன்றாகப் பிரித்தறிந்தது. ஆனால், எலுமிச்சை மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் அதனால் வித்தியாசம் காண முடியவில்லை. கறுப்பையும் நீலத்தையும்கூடக் குழப்பிக்கொண்டது. ஆக, வெள்ளை ஒன்று, எலுமிச்சை மஞ்சள் ஒன்று, கறுப்பு ஒன்று, நீலம் ஒன்று என்று வாங்கியவர் நான்கு நிறத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறார். அந்த மீன் பார்த்தது இரண்டைத்தான். பாஸ் வேறு, விரால் வேறு. ஆனாலும் மனிதக் கண்ணுக்குப் பளபளப்பதெல்லாம் மீன் கண்ணுக்கும் அப்படியே தெரியும் என்று நினைத்துப் பணத்தை இறைக்கக் கூடாது என்பது இரண்டுக்கும் பொது.

நிறத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

முதலில் இடம். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். சிறிது நேரத்துக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகும். அந்த இடத்தில் வட்ட அலை எழும். கோரை ஓரம், ஆம்பல் இலைகளின் இடைவெளி, ஆகாயத்தாமரை விளிம்பு, தண்ணீரில் சாய்ந்த கருவேல மர நிழல் ஆகியவற்றில்தான் அது காத்திருக்கும். நடு ஏரியில் எந்த நிறத்தை வீசினாலும் கை வலிப்பதுதான் மிச்சம்.

இரண்டாவது நேரம். வெயில் ஏறுவதற்கு முன்னும், சாய்ந்த பின்னும்தான் நல்ல வேட்டை.

மூன்றாவது ஓட்டம். விராலுக்குக் கண் மட்டுமல்ல, உடம்பின் பக்கவாட்டில் தண்ணீரின் அதிர்வை உணரும் வரிசையும் உண்டு. கலங்கலில் அதுதான் பெரிய துணை. அதனால் கலங்கல் தண்ணீரில் தவளையை மெதுவாக, நின்று நின்று இழுக்க வேண்டும். பின்னால் சுழலும் தகடு வைத்த தவளை என்றால் இன்னும் நல்லது. விரால் கவ்வியதும் உடனே சுண்டி இழுத்தால் தவளை மட்டும்தான் திரும்பி வரும். ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு இழுக்க வேண்டும்.

இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் நிறத்தின் பலன் தெரியும்.

மகனின் பேச்சு சரியா என்பதை அந்த ஏரியிலேயே சோதித்துவிடலாம். புது ரக நெல்லை ஒரு பாத்தியில் போட்டுப் பார்ப்பது போலத்தான். ஒரே கம்பெனி, ஒரே எடை, நிறம் மட்டும் வேறாக இரண்டு தவளைகளை எடுத்துக்கொண்டு, ஒரே இடத்தில் மாற்றி மாற்றி 20 வீச்சு போட வேண்டும். தேதி, நேரம், கை மறைந்த ஆழம், நிறம், எத்தனை முறை கவ்வியது என்று நோட்டில் எழுத வேண்டும். ஒரு பருவம் எழுதினால், எந்த நிறத்துக்கு இனி பணம் கொடுக்க வேண்டாம் என்பதை நோட்டே சொல்லிவிடும்.

உயிர்த் தவளையை விட்டு ரப்பர் தவளைக்கு மாறியது நல்ல காரியம். தவளை, வயலில் பூச்சிகளைத் தின்னும் கூலி வாங்காத ஆள். ஒரு கவனம் மட்டும் வேண்டும். அறுந்த நரம்பையும் முள்ளையும் கரையில் போட்டுவிட்டு வரக் கூடாது. நரம்பு கொக்கின் காலிலும், முள் ஆடு, மாடுகளின் வாயிலும் மாட்டிக்கொள்ளும். கரைவெட்டி ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் அங்கே தூண்டில் போடும் எண்ணமே வேண்டாம். கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழிகளில் தண்ணீர் தெளிந்து அழகாக இருக்கும். ஆனால், கரை செங்குத்து, ஆழம் அதிகம். பிள்ளைகளை அங்கே அனுப்பவே கூடாது.

“மழைக்காலத்தில் ஏரி ஓரத்தில் சிவப்பு நிறத்தில் விரால் குஞ்சுகள் பந்து போலத் திரண்டு மேலே வருகின்றன. அதன் மேல் தவளையைப் போட்டால் எந்த நிறமாக இருந்தாலும் பெரிய விரால் உடனே பாய்ந்து கவ்வுகிறது. இது எப்படி? இப்படிப் பிடிக்கலாமா?”

– வாசகர் ஒருவர், பொன்பரப்பி, அரியலூர் மாவட்டம்.

அது பசியால் கவ்வுவதில்லை, கோபத்தால் கவ்வுகிறது. விரால், முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும் மீன். குஞ்சுகள் சிவந்து கூட்டமாகத் திரியும் சில வாரங்களுக்குத் தாயும் தகப்பனும் அடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அருகில் எது வந்தாலும் எதிரி என்றே பாயும். அதனால்தான் அங்கே நிறம் எடுபடுவதில்லை. எதைப் போட்டாலும் கடிக்கும்.

இப்படிப் பிடிப்பது சுலபம். ஆனால், பிடிக்க வேண்டாம். காவல் போனால் அந்தக் குஞ்சுக் கூட்டத்தை ஜிலேபி, குரவை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் சேர்ந்து வேகமாகத் தீர்த்துவிடும். ஒரு விரால் கைக்கு வரும். அடுத்த ஆண்டு ஏரியில் வளர வேண்டியவை மொத்தமாகப் போகும். விதை நெல்லைக் குத்திச் சமைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

சிவப்புக் கூட்டம் கண்ணில் பட்டால் தூண்டிலை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். தெரியாமல் தாய் மீன் மாட்டிவிட்டால், கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளை எடுத்து, அதே இடத்தில் உடனே விட்டுவிட வேண்டும். குஞ்சுகள் கறுத்து, கூட்டம் கலைந்த பிறகு தாராளமாகத் தூண்டில் போடலாம். ஏரியில் மீன் பிடிக்கும் இளைஞர்களும் குத்தகைதாரரும் கூடிப் பேசி இதை ஊர்க் கட்டுப்பாடாகவே வைத்துக்கொண்டால், விரால் குஞ்சு வாங்கி விட வேண்டிய செலவும் மிச்சமாகும்.