சாவு வண்டியா, கேரவனா?

இராஜபாளையத்திலிருந்து ஒரு தோழர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். மில்லில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவியும் தாமுமாக நாலு ஊர் பார்க்க வேண்டுமென்றும், போன இடத்தில் லாட்ஜுக்குத் தண்டம் அழாமல் வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக் கொள்ள வேண்டுமென்றும் அவருக்கு நெடுநாளாய் ஆசை. சினிமாக்காரர்கள் வைத்திருப்பது போன்ற கேரவன் வாங்க அவரிடம் பணமில்லை. ஆகவே, ஒரு தனியார் ஆஸ்பத்திரி கழித்துவிட்ட ஃபோர்ஸ் டிராவலர் ஆம்புலன்ஸ் ஒன்றை விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலமே வீட்டில் கலகம் ஆரம்பித்துவிட்டதாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள மைத்துனர் ஒரு ஜோசியரைக் கூடவே கூட்டிக் கொண்டு வந்து இறங்கினாராம். ஜோசியர் வண்டி நிற்கும் ஷெட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கட்டம் போட்டுக் கணக்குப் பார்த்து, துர்மரணமடைந்த ஆவிகள் அதில் மூன்று இருக்கின்றன என்று சொல்லிவிட்டார். இரண்டில்லை, நான்கில்லை, மூன்று! பரிகாரம் என்னவென்றால், 48 நாள் பூஜை, ஒரு ஹோமம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், உள்ளே கட்டித் தொங்கவிட ஆகாச கருடன் கிழங்கு. இவ்வளவும் செய்த பிறகும் அந்த வண்டியில் பெண்கள் படுக்கக் கூடாதாம். மனைவியோடு ஊர் சுற்றுவதற்கென்றே வண்டி வாங்குகிறவரிடம் இதைச் சொல்லித் தட்சிணையும் வாங்கிக் கொண்டு போயிருக்கிறார். "இவர்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவது?" என்று தோழர் நம்மைக் கேட்கிறார்.

பதில் சொல்லுவோம். ஆம்புலன்ஸைச் "சாவு வண்டி" என்பதே முதலில் பொய். பிணத்தைக் கொண்டு போக நம் நாட்டில் அமரர் ஊர்தி என்று வேறு வண்டி இருக்கிறது. அதற்கு 155377 என்று வேறு நம்பரும் இருக்கிறது. ஆம்புலன்ஸ் என்பது உயிருள்ளவனை உயிரோடு ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்காக ஓடுகிற வண்டி. வழியில் சிலர் இறந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பிழைத்தவர்கள் கணக்கு எங்கே? ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் வண்டியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார்கள் கணக்கு எங்கே? செத்தவனுடைய ஆவி வண்டியில் ஒட்டிக் கொள்ளுமென்றால், பிறந்த குழந்தையின் மங்களம் ஏன் ஒட்டிக் கொள்ளவில்லை? தோஷம் மட்டும் ஒட்டும், புண்ணியம் மட்டும் வழுக்கி விழுந்துவிடும் என்பது என்ன கோந்து என்று நமக்கு விளங்கவில்லை.

அன்றியும், நம் வீடுகளில் சாவு நடக்காத வீடு ஒன்று காட்டட்டும் பார்ப்போம். தாத்தாவையும் பாட்டியையும் நடுக்கூடத்தில் கிடத்தி ஊரைக் கூட்டி அழுகிறோம். பதினாறாம் நாள் முடிந்ததும் அதே கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக் கொள்ளுகிறோம். அதே வீட்டைப் பங்கு பிரிக்கச் சொல்லிக் கோர்ட்டுக்கும் போகிறோம். அங்கெல்லாம் இல்லாத ஆவி தகரக் கூண்டில் மட்டும் ஏன் குடியிருக்க வேண்டும்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் எத்தனை பேர் செத்திருப்பார்கள்! காய்ச்சல் வந்தால் அந்த ஜோசியரும் அதே கட்டிலில்தானே போய்ப் படுக்கிறார்? படுக்கு முன் 48 நாள் பூஜை கேட்கிறாரா?

தேர் விஷயத்தைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேரோட்டத்தின்போது மின்சாரக் கம்பியில் தேர் உரசி 11 பேர் மாண்டு போனார்கள். அதற்காகத் தேர்களெல்லாம் தோஷம் என்று எந்த ஜோசியராவது சொன்னாரா? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் வருஷந்தோறும் ஓடிக் கொண்டுதான் இருக்கிறது. சாமி ஏறிய வண்டியில் ஆள் செத்தால் அது விதி. நோயாளி ஏறிய வண்டியில் ஆள் செத்தால் அது ஆவி! இந்த நியாயத்தை எந்தச் சாஸ்திரத்திலிருந்து எடுத்தார்களோ தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்று பெருமை பேசுகிறோம். நல்லது. ஆனால் நடுராத்திரியில் நெஞ்சு வலித்தால் அந்த 108-ஐ யாரும் கூப்பிடுவதில்லை. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஆரம்பித்த இந்த 108-ஐத்தான் கூப்பிடுகிறோம். கூப்பிட்டு, வண்டி வந்து, உயிர் பிழைத்து வீடு வந்து சேர்ந்த பிறகு, அந்த வண்டி ஓய்வு பெற்றால் அதைத் தொடுவது பாவம் என்கிறோம். நன்றி கெட்ட தனத்துக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

மற்ற ஊர்க்காரர் சொன்னாலும் சொல்லட்டும், இராஜபாளையத்தார் இதைச் சொல்லலாமா? பக்கத்துச் சத்திரப்பட்டியிலே தறி ஓடுவது எதற்காக? பேண்டேஜ் துணி நெய்வதற்காக. யாருடைய காயமோ, யாருடைய இரத்தமோ, அதைத் துடைத்துக் கட்டுகிற துணியை நெய்து விற்று அந்தப் பக்கத்து ஜனங்கள் கஞ்சி குடிக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெருமைதான். அந்தத் துணியை விற்ற காசு வீட்டுக்குள் வரும்போது தோஷமில்லை. அந்தத் துணியைக் கொண்டு காயம் கட்டிய வண்டி வாசலில் நின்றால் தோஷமா? இதே ஜில்லாவில் 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்திலும் பட்டாசு ஆலைகள் வெடித்தன. வெந்த உடம்போடு துடித்த கூலிக்காரர்களைத் தூக்கிக் கொண்டு ஓடியவை இந்த ஜாதி வண்டிகள்தான். அன்று ஹோமம் செய்துவிட்டு ஏற்றுங்கள் என்று சொல்ல ஒரு புரோகிதரும் அங்கே வரவில்லை. வண்டியில் படிந்த இரத்தத்தைக் கழுவிய தொழிலாளியையும், அழைப்புக்கும் அழைப்புக்கும் நடுவே அதே வண்டியில் சாய்ந்து தூங்கி எழும் டிரைவரையும் கேட்டால், ஆவி எத்தனை என்று சரியான கணக்குக் கிடைக்கும்.

நிற்க, இந்தப் பயத்தினால் லாபம் யாருக்கு என்று பார்க்க வேண்டும். ஜோசியருக்குக் கிடைப்பது சில்லறைதான். பெரிய லாபம் தரகருக்கு. "சாவு வண்டி, யார் வாங்குவார்?" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்காரரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்குகிறார். சிவப்பு வரியை அழித்து வேறு பெயிண்ட் அடித்து, பள்ளிக்கூட வேன் என்றோ டூரிஸ்ட் வேன் என்றோ கூசாமல் சொல்லி நல்ல விலைக்குத் தள்ளுகிறார். வாங்குகிறவரும் மாலை போட்டுக் கற்பூரம் காட்டி ஆனந்தமாய் ஏறிப் போகிறார். தெரியாத வரையில் ஆவி ஒன்றும் செய்வதில்லை! ஆர்.சி. புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் பிடிக்கிற ஆவி போலிருக்கிறது.

உள்ளே படுத்துச் சமைத்து ஊர் போவது நமக்குப் புதிதுமல்ல. கார்த்திகை மார்கழியில் இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை ரோட்டில் போய் நின்று பாருங்கள். வேனுக்குள் அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை. சீட்டுகளுக்கு நடுவே பாய். பக்தியின் பேரால் செய்தால் யாத்திரை. ஒரு தொழிலாளி மனைவியோடு உலகம் பார்க்கச் செய்தால் பைத்தியக்காரத்தனமா? இந்த வேலைக்கு ஆம்புலன்ஸைப் போல் தோதான வண்டி மலிவில் கிடைப்பது அரிது. உயரமான கூரை, கழுவிவிடக் கூடிய தளம், நீண்ட பெஞ்சு, பின்னால் அகலத் திறக்கும் கதவு, உள்ளே விளக்குக்கும் கருவிகளுக்கும் ஏற்கெனவே போட்ட ஒயரிங். ஆஸ்பத்திரி என்பதே நோயாளியைத் தேடி நகர வேண்டும் என்ற எண்ணத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர்தான் இந்த ஆம்புலன்ஸ் என்பதும்.

பயப்படவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பயப்பட வேண்டியதற்குப் பயப்படுங்கள் என்கிறோம். இரத்தத்தில் உண்மையாகவே ஒரு தீட்டு உண்டு. அதன் பெயர் கிருமி. மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த இரத்தத்திலும் ஏழு நாளாவது உயிரோடிருக்கும். ஆகவே பெஞ்சின் பஞ்சைப் பிய்த்தெறிந்து, தளத்தின் இடுக்கையெல்லாம் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, பிறகு பிளீச்சிங் மருந்துத் தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும்; கைக்கு உறை போட்டுக் கொள்ள வேண்டும், மறந்து கிடக்கும் ஊசி இருக்கும். அத்தோடு அந்தத் தீட்டு ஒழிந்தது. ஜோசியர் சொல்லும் தீட்டோ 48 நாள் பூஜை செய்தாலும் பெண்களுக்கு மட்டும் பாக்கி நிற்கிறது!

ஆக்ஸிஜன் சிலிண்டரையும் குழாய்களையும் தெரிந்த ஆளை வைத்துக் கழற்றி ஒப்படைத்துவிட வேண்டும். பிராணவாயு கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் நெருப்பும் சேர்ந்தால் வண்டியே தீவட்டிதான். அதற்குள் கற்பூரம் ஏற்றி ஹோமம் வளர்க்கச் சொன்ன மகானை என்னவென்று சொல்ல!

உண்மையாக ஆளைக் கொல்லுவது எது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்லுகிறோம். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரைக்கு அருகே ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் பிணமாய்க் கிடந்தார்கள். பேய் அடிக்கவில்லை. ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சேர்ந்து நடத்திய சோதனையில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாய்ப் பிடித்துக் கொள்ளும். தூங்குகிறவன் எழுந்திருப்பதில்லை. ஆகவே, தோழரே, மூடிய வண்டிக்குள் ஜெனரேட்டரும் கரியடுப்பும் கூடவே கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தேங்கும். தரையோடு ஒட்டி ஒரு காற்றுத் துவாரமும், கூரையில் ஒன்றும் வைக்க வேண்டும். ஆகாச கருடன் கிழங்கு கட்டச் சொன்ன இடத்தில் கார்பன் மோனாக்சைடு வந்தால் கத்துகிற சிறு கருவி ஒன்றை மாட்டி வையுங்கள்.

இனிச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரமும் இருக்கிறது. முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிக் கொண்டு, பிறகு வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டும். சர்க்கார் வண்டியானால் வயதைப் பார்க்க வேண்டும். 15 வருஷம் தாண்டிய சர்க்கார் வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் ரோட்டில் இடமில்லை, உடைக்கத்தான் போக வேண்டும். ஜோசியருக்குக் கொடுத்த பணத்தை எஃப்.சி.க்கு வைத்திருந்தால் உதவியிருக்கும்.

ஒன்றைக் கண்டிப்பாய்ச் சொல்ல வேண்டும். மேலே சுழலும் விளக்கையும், சைரனையும், முன்னால் தலைகீழாய் எழுதிய ஆம்புலன்ஸ் என்ற பெயரையும் வாங்கிய அன்றே எடுத்துவிட வேண்டும். அழகுக்கு இருக்கட்டும் என்று சிலர் விட்டுவைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். சைரன் கேட்டு வழிவிடாதவனுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டத்தைத் திருத்தியது, உள்ளே ஒரு உயிர் போராடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவன் அந்தச் சைரனை அடித்தால் ஜனங்கள் இன்று ஏமாந்து ஒதுங்குவார்கள்; நாளைக்கு மெய்யான வண்டி வரும்போது ஒதுங்கமாட்டார்கள். அப்போது சாகிறவனுக்கு அவன்தான் எமன். பரிகாரம் தேவைப்படும் பாவம் ஒன்று இதில் இருக்குமானால் அது இதுதான். ஜோசியர் பட்டியலில் இது காணப்படவில்லை.

கடைசியாக, முதல் பயணமாகப் பிளவக்கல் அணைக்குப் போக உத்தேசம் என்றும், மைத்துனர் அமாவாசையன்று மட்டும் வண்டியை எடுக்கக் கூடாதென்கிறார் என்றும் தோழர் எழுதியிருக்கிறார். மைத்துனர் வாயிலிருந்து சரியாய் வந்த வார்த்தை இது ஒன்றுதான். அமாவாசையன்று சதுரகிரிக்குப் போகும் கூட்டத்தில் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டி வத்திராயிருப்பு ரோட்டில் வண்டி நகராது. மறுநாள் போங்கள்.