நந்தவனத்துக்குக் கூரியரில் கன்று வேண்டாம்



வர்ற ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வருது. நந்தவனத்துக்கு 40 கன்றுகளை இணையத்தில் ஆர்டர் பண்ணி, கூரியரில் வரவழைக்க 1,200 வெள்ளி ஒதுக்கணுமாம். நல்ல மனசோடதான் கொண்டு வந்திருக்காங்க. ஆனாலும் நாங்க அதை எதிர்த்துப் பேசப் போறோம். "சாமி காரியத்தை ஏன் தடுக்குறீங்க?"ன்னு புலனத்தில் சிலர் கேட்டிருந்தாங்க. கூட்டத்தில் கிடைக்கிற அஞ்சு நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியாது, அதனால இங்கேயே எழுதிடுறோம்.

தபாலில் எதையும் வாங்கக் கூடாதுன்னு நாங்க சொல்லல. மண்வெட்டி, பூவாளி, நிழல் வலை, தொட்டி, வேப்பெண்ணெய் எல்லாம் தாராளமா வாங்கலாம். கடையைவிட மலிவாவே கிடைக்குது, வழியில் கெட்டும் போகாது. உயிருள்ள கன்றுதான் பிரச்சினை. வெள்ளிக்கிழமை அனுப்பின பெட்டி சனி, ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கும். நம்ம நாட்டுச் சூட்டில், இருட்டில், ஈரத் துணியால் சுத்தின வேர் என்ன ஆகும்? பெட்டியைத் திறக்கும்போது இலை பச்சையாத்தான் இருக்கும். ஒரு வாரத்தில் கறுத்துக் கொட்டிடும். இந்த வருஷம் உபயமா வந்த பார்சல் கன்றுகளில் பாதிக்கு மேல் பிழைக்கல.

காசு போனதைக்கூட விடுங்க. மறைந்த தன் அம்மா பேரில் ஒரு அக்கா செடி அனுப்பியிருந்தாங்க. அது காய்ஞ்சதும், "ஏதும் அபசகுனமா தம்பி?"ன்னு கண் கலங்கிக் கேட்டாங்க. வேர் அழுகல்தான்க்கா, அம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொன்னோம். அவங்க முகம் தெளியல. பக்தியோட அனுப்புற செடிக்கு இப்படி ஒரு நிலைமை வேணுமா?

அடுத்தது, வர்றது என்ன செடிங்கிறதே சந்தேகம். வில்வம்னு ஆர்டர் பண்ணா மாவிலங்கம் வருது. ரெண்டுக்கும் மூணு இலைதான், சின்னக் கன்றில் சட்டுன்னு வித்தியாசம் தெரியாது. பார்க்கத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்: வில்வத்தின் நடு இலை மட்டும் தனிக் காம்போட கொஞ்சம் நீண்டு நிற்கும். மாவிலங்கத்தில் மூணு இலையும் ஒரே புள்ளியிலிருந்து விரியும். வில்வத்தில் முள் உண்டு. அது எலுமிச்சை, கறிவேப்பிலை குடும்பம், அதனால இலையை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா பொடிப் பொடியா எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும், கசக்கினா மணக்கும். கைபேசியில் பார்க்கிற படத்தைக் கசக்க முடியுமா? மாவிலங்கமும் நல்ல மரம்தான். ஆனா நீங்க காசு கொடுத்தது சிவனுக்கு வில்வார்ச்சனை பண்ண. வில்வம் வேற மெதுவா வளர்ற மரம், தப்புன்னு தெரிய வரும்போது சில வருஷம் ஓடிப் போயிருக்கும்.

துளசியும் அப்படித்தான். தண்டு ஊதாவா இருந்தா போதும், கிருஷ்ண துளசின்னு தலைப்புப் போட்டு விக்கிறாங்க. பாதி நேரம் அது சமையலுக்குப் போடுற தாய்லாந்து செலாசே. அதன் வாசனை சோம்பு மாதிரி இருக்கும், தண்டு வழவழன்னு இருக்கும். நம்ம துளசியில் கிராம்பு வாசனை, தண்டில் மெல்லிய ரோமம். இதில் ஒரு வேடிக்கை: தாய்லாந்துக்காரங்க இறைச்சியோட வதக்குற 'கப்ராவ்' இலைதான் உண்மையிலேயே நம்ம துளசி இனம்! முகம் சுளிக்காதீங்க, அவங்க ஊர் வழக்கம் அது.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "ஊர்லேர்ந்தே வரவழைப்போம், மண்ணோட வந்தா விசேஷம்"ன்னு சொல்றாங்க. இதில்தான் நாங்க ரொம்பக் கண்டிப்பா இருக்கோம். 1976-ஆம் ஆண்டு தாவரத் தடுப்புக்காப்புச் சட்டப்படி வெளிநாட்டுச் செடிக்கு முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வேணும், அனுப்புற நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேணும். பெட்டியில் துணிக்கு நடுவே மறைச்சுக் கொண்டு வந்தாலும் அதே சட்டம்தான். "கோயிலுக்குத்தானே"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

இந்தக் கெடுபிடி ஏன்னு நம்ம சமூகத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம்ம தாத்தா பாட்டி வெட்டின பால்மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனா அங்கேயே அதைப் பெருந்தோட்டமா வளர்க்க முடியல. 1928-ல் ஹென்றி ஃபோர்டு பிரேசில் காட்டில் பெரிய ரப்பர் தோட்டம் போட்டார். இலைக்கருகல் நோய் வந்து மரங்களை மொட்டையாக்கிருச்சு. 1945-ல் இடத்தையே பிரேசில் அரசாங்கத்திடம் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. அந்த நோய் இங்கே வந்துடக் கூடாதுன்னுதான் மலேசியா இத்தனை வருஷமா அந்தப் பக்கத்துச் செடிகள்மேல் கண் வச்சிருக்கு. நோய்க்கு வர்றதுக்குக் கப்பல் தேவையில்லை, ஒரு இலை போதும்.

சரி, எங்கே வாங்குறது? சுங்கை பூலோ இருக்கே! 1930-ல் தொழுநோயாளிகளுக்காகத் தொடங்கின குடியிருப்பு அது. ஊரே ஒதுக்கி வச்ச அந்த மக்கள் பிற்பாடு செடி வளர்த்து வித்துப் பிழைச்சாங்க. அதனால்தான் அந்தப் பக்கம் இன்னிக்கும் வரிசையா நாற்றுப் பண்ணைகள். நேர்ல போய் இலையைக் கசக்கி, தொட்டியைத் தூக்கிப் பார்த்து, அடியில் வேர் வெள்ளையா இருக்கான்னு கவனிச்சு வாங்கலாம். அங்கே செலவாகிற வெள்ளி நல்ல கைகளுக்குத்தான் போகும். ஒரு லோரி, நாலு இளைஞர்கள், அரை நாள் போதும்.

சிங்கப்பூர், பினாங்கு பக்கமிருந்து உபயம் செய்ய நினைக்கிறவங்க செடியை அனுப்பாம, அலுவலகத்தில் பணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கோங்க. நாங்க வாங்கி நட்டு, பேர்ப்பலகையோட படம் அனுப்புறோம்.

உரப் பைகளும் ஆர்டர் பட்டியலில் இருக்கு. அதையும் அடிச்சிருங்க. கழற்றின மாலைகள் வாரத்துக்கு எத்தனை மூட்டை குப்பை லோரியில் போகுதுன்னு பாருங்க. நைலான் நூலையும் ஜிகினாவையும் உருவிட்டா எல்லாமே உரம். அபிஷேகப் பாலை மட்டும் தொட்டியில் ஊத்தாதீங்க, எறும்பும் நாத்தமும்தான் மிச்சம்.

அப்புறம் அந்த 40-ல் பாதி நந்தியாவட்டையும் செம்பருத்தியும். அதை யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களா? உங்க வீட்டு வாசலில் இருந்தா, பென்சில் கனத்தில் ஒரு சாண் குச்சியா வெட்டி, ஈரத் துணியில் சுத்தி, ஞாயிறு கூட்டத்துக்கு வரும்போது எடுத்து வாங்க. மண் கலந்து தொட்டியெல்லாம் தயாரா வச்சிருப்போம்.